கண்ட்ரோல் பந்து

சித்திரபுரம்
16.6.2024

பேத்தி ராமலட்சுமிக்கு அப்பத்தா சுருளியம்மாள் எழுதுவது. முட்டியில் நீர் கோத்திருப்பதைத் தவிர என் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. உன் உடம்பை நீ எழுதித்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டும். போனில் கூப்பிட்டால் 'ம்' என்கிறாய், 'சரி' என்கிறாய். காகிதத்தில் 'ம்' என்று மட்டும் எழுதி ஸ்டாம்ப் ஒட்ட முடியாது. அதனால்தான் கடிதம்.

நம் வீட்டுப் பிள்ளைகள் செய்தி கேள். உன் சித்தப்பா மகன் சதீஷ் இரண்டாவது ஜீப் எடுத்துவிட்டான். மூணாறுக்கு வருகிற ஆட்கள் அவன் பேரைச் சொல்லிக் கேட்கிறார்கள். வளைவுக்கு வளைவு அவர்கள் எடுக்கிற வாந்தியை அவன்தான் கழுவுகிறான், அதை நான் வெளியில் சொல்வதில்லை. அவன் தங்கச்சி காவ்யா நர்ஸ் படிப்பில் எல்லாப் பாடமும் பாஸ். உன் தம்பி திருப்பூரில் கம்ப்யூட்டரில் பனியனுக்குப் பூப் போடுகிறான். எல்லாருக்கும் மேலே நீ. நம் வம்சத்தில் விசில் ஊதி வேலை வாங்குகிற முதல் பொம்பளை. கரண்ட் போர்டு குவார்ட்டர்ஸ் மொத்தமும் சொல்லிவிட்டேன்.

எட்டு வருஷத்துக்கு முன்னே ஸ்டேட் மேட்சில் நீ சாஃப்ட்பால் பந்து போட்டபோது பேப்பர்காரர் எடுத்த படம் இன்னும் டிவிக்கு மேலேதான் இருக்கிறது. எதிர்ப்பக்கத்தில் மட்டையோடு யாரோ ஒரு பிள்ளை நின்றாள். ஸ்டூடியோக்காரனிடம் சொல்லி அந்தப் பாதியை வெட்டச் சொல்லிவிட்டு உன்னை மட்டும்தான் ஃபிரேம் போட்டேன். வருகிறவன் போகிறவன் எல்லாம் அந்தக் கையைப் பார்த்து வாயைப் பிளக்கிறான்.

பூண்டும் மிளகும் போட்டுக் காய்ச்சின எண்ணெயை பார்சலில் அனுப்பியிருக்கிறேன். தோள் வலி வந்துதானே பந்து போடுவதை விட்டாய். விடாமல் தேய்.

கோச் உடுப்பில், கழுத்தில் விசிலோடு ஒரு புதுப் படம் எடுத்துத் தபாலில் அனுப்பு.

உன் அப்பத்தா


முதலமடை
7.7.2024

அன்புள்ள அப்பத்தா,

எனக்குச் சளி பிடித்து விட்டுவிட்டது, வேறொன்றும் இல்லை. உன் முட்டிக்கு டாக்டரைப் பார்த்தாயா?

இங்கே ஸ்கூல் மைதானம் மாந்தோப்புக்கு நடுவில். பெண் பிள்ளைகள் பதினொரு பேர். அதில் நஜ்லா என்று ஒருத்தி, பஸ் ஸ்டாப் மளிகைக் கடைக்காரர் மகள், பதின்மூன்று வயசு. முதல் நாள் அவள் போட்ட பந்து பிடிக்கிறவள் தலைக்கு மேலே போய் மோட்டார் ரூம் தகரத்தில் அடித்தது. அவ்வளவு வேகம். எங்கே போகும் என்று அவளுக்கே தெரியாது.

எல்லாருக்கும் இப்போது கண்ட்ரோல்தான். கார்த்திகை வரைக்கும் கண்ட்ரோல். பந்துப் பெட்டியைப் பூட்டிவிட்டு, பழைய சாக்ஸைச் சுருட்டி உருண்டையாக்கிக் கொடுத்திருக்கிறேன். மாங்காய்ச் சாக்கைக் கட்டித் தொங்கவிட்டு சிவப்புப் பெயின்ட்டில் ஒரு கட்டம். அஞ்சு எட்டு தள்ளி நின்று கீழ்க்கையால் போட வேண்டும். பத்துக்கு ஏழு கட்டத்தில் விழுந்தால் ஓரெட்டு பின்னால். கண்ணை மூடிப் போட்டு, எங்கே பட்டது என்று சொல்லவும் வேண்டும்.

ஸ்கூல் மேனேஜர் செங்கோட்டையன் சாருக்கு இது பிடிக்கவில்லை. எனக்கு மார்ச் வரைக்கும்தான் வேலை ஆர்டர். பார்க்கலாம்.

எண்ணெய் வந்தது. படம் பிறகு எடுக்கிறேன்.

லட்சுமி


சித்திரபுரம்
28.7.2024

லெச்சுமி,

சளிக்குத் துளசியைக் கசக்கிக் குடி. இங்கே விடாத மழை. சுவரெல்லாம் பூஞ்சை, கால் வைத்த இடமெல்லாம் அட்டை. அதையெல்லாம் சகித்துக்கொள்கிற எனக்கு, உன் கடிதத்தைப் படித்துவிட்டு மத்தியானச் சோறு இறங்கவில்லை.

கண்ட்ரோலாமே. அந்த வார்த்தையைக் கேட்டு அறுபது வருஷம் ஆச்சு. பாவாடை கட்டின வயசில் பையைத் தூக்கிக்கொண்டு ரேஷன் அரிசிக்குக் கண்ட்ரோல் கடையில் நின்றிருக்கிறேன். ஆளுக்கு இத்தனை என்று அளந்து போடுவான். அரிசியில் வெள்ளைப் புழு நெளியும். எங்கம்மா அதை விரலால் பொறுக்கிப் போட்டுவிட்டு உலையில் கொட்டுவாள். இப்போது பந்துக்கும் கண்ட்ரோல் வந்துவிட்டதா? பிள்ளைகளுக்குப் பந்து தர வக்கில்லாமல் எவன் காலிலோ கிடந்த நாற்றம் பிடித்த சாக்ஸா? நினைத்தாலே குமட்டுகிறது.

பெட்டியை நீயே பூட்டினேன் என்று எழுதுகிறாய். அந்த மேனேஜரைக் காப்பாற்றத்தான் அப்படி எழுதுகிறாய் என்று எனக்குத் தெரியாதா. நான் அஞ்சாம் கிளாஸ்தான். ஆனால் எஸ்டேட்டில் மனு எழுத வேண்டுமென்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். செய்ய வேண்டியதை நான் செய்துகொள்கிறேன்.

தோள் எப்படி இருக்கிறது? படம் எங்கே?

அப்பத்தா


முதலமடை
19.8.2024

மரியாதைக்குரிய சுருளியம்மாளுக்கு செங்கோட்டையன் எழுதறதுங்க. இங்க மழை கம்மிங்க, மத்தபடி தோட்டமும் நாங்களும் நல்லா இருக்கறமுங்க. உங்க ஊட்டுல எல்லாரும் சுகந்தானுங்களே.

உங்க லெட்டரை பி.டி.ஏ. மீட்டிங்குல சத்தமாப் படிச்சுக் காட்டினனுங்க. புள்ளைங்களுக்குப் பந்து தராம கண்ட்ரோல் போடறவன் சோத்துல புழு உளுகட்டும்னு எழுதியிருக்கறீங்க. எழுத்து முத்து முத்தா இருக்குதுங்க. ஆனா ஏனுங்க அம்மா, மூணு டஜன் பந்து நான் வாங்கிக் குடுத்தாச்சுங்க. பொட்டிச் சாவி உங்க பேத்தி கழுத்துலதானுங்க தொங்குது. கேட்டா, முதல்ல கண்ட்ரோல், அப்புறந்தான் வேகம்ங்குது. சொந்தப் பாட்டியே காறித் துப்பி எழுதினதுக்கு அப்புறம் நான் எதுக்குங்க பொறுக்கோணும். சாவியை வாங்கிட்டனுங்க.

எர்ணாகுளத்துல இருந்து ரிஜின்னு ஒரு தம்பியைக் கூட்டியாந்திருக்கறனுங்க. வேகம் காட்டற மிஷினும் கொண்டாந்திருக்குதுங்க. நஜ்லா புள்ள அறுபத்தெட்டு போட்டுருச்சுங்க. பிப்ரவரி மேட்ச்சுல அதையேதான் எறக்கறமுங்க. உங்க பேத்தி கூடமாட நின்னு பந்து பொறுக்கிக் குடுக்கட்டுங்க. மார்ச்சு வரைக்கும் சம்பளம் உண்டுங்க.

உங்க லெட்டருக்கு ரொம்ப நன்றிங்க.

செங்கோட்டையன்


சித்திரபுரம்
1.9.2024

லெச்சுமி,

சளி போனதா? உன் மேனேஜர் பதில் போட்டிருக்கிறான். சாவி உன் கழுத்தில்தான் இருந்தது என்கிறான். உண்மையா? உண்மையென்றால் என்னை நாலு பேர் முன்னால் நாற வைத்துவிட்டாய். அவன் எழுத்தோ பலாப்பழப் பால், தொட்ட கையை விடாமல் பிசுபிசுக்கிறது. வார்த்தைக்கு ஒரு 'ங்க'. படித்து முடித்துக் கை கழுவினேன்.

ஆனாலும் கேட்கிறேன். வேகம்தானே உனக்குப் பேர் வாங்கித் தந்தது? சுவரில் இருக்கிற படம் வேகம்தானே? அதை அந்தப் பிள்ளைக்கு ஏன் நீ தரமாட்டேன் என்கிறாய்? ரேஷன் இல்லையென்றால் கண்ட்ரோல் என்பது என்ன கருமம்? எனக்கு விளங்குகிற மாதிரி எழுது.

தோளுக்கு எண்ணெய் தேய்க்கிறாயா?

அப்பத்தா


சித்திரபுரம்
20.10.2024

லெச்சுமி,

உயிரோடுதான் இருக்கிறாயா? தபால்காரர் என்னைக் கண்டால் தலையைத் திருப்பிக்கொண்டு போகிறார். சதீஷ் போன் போட்டால் எடுத்து, நன்றாக இருக்கிறேன் என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறாயாம்.

பூஜை லீவுக்கு வந்த கூட்டம் ரோட்டோரம் மொத்தத்தையும் பிளாஸ்டிக் தட்டாலும் கோழி எலும்பாலும் நிரப்பிவிட்டுப் போயிருக்கிறது. நாய் இழுத்துவந்து நம் வாசலில் போடுகிறது. இதையெல்லாம் எழுதினால் நீ சிரிப்பாயே என்று எழுதுகிறேன்.

நான் எழுதின மனுவில் கோபமென்றால் திட்டி எழுது. திட்டாமல் இருப்பதுதான் தாங்கவில்லை. தோள் வலி அதிகமாகிக் கை தூக்க முடியாமல் இருக்கிறாயோ என்றும் பயமாக இருக்கிறது.

அப்பத்தா


முதலமடை
10.11.2024

அப்பத்தாவுக்கு,

நலம். கோபம் இல்லை. சாவி என்னிடம்தான் இருந்தது. இப்போது இல்லை.

கண்ட்ரோல் என்றால், பந்து எங்கே போக வேண்டும் என்று நினைக்கிறோமோ அங்கே போவது. அதற்கு முன்னால் வேகம் வந்துவிட்டால் எதிரே நிற்கிறவள்தான்

நஜ்லா நேற்று எழுபத்தொன்று போட்டாள். எல்லாரும் கை தட்டினார்கள். சாக்கில் கட்டத்துக்கு வெளியேதான் ஓட்டைகள். நான் பந்து பொறுக்குகிறேன். எண்ணெய் இனி அனுப்ப வேண்டாம். படம் எடுக்க நேரமில்லை.

லட்சுமி


சித்திரபுரம்
1.12.2024

தாயி லெச்சுமி,

எனக்கு ஒரு கேடும் இல்லை, முதலில் அதைத் தெரிந்துகொள். உன் கடிதத்தை நாலு நாளாகக் கையில் வைத்திருக்கிறேன். 'எதிரே நிற்கிறவள்தான்' என்று எழுதிவிட்டு ஒரு வரியை அடித்திருக்கிறாய். பேனா காகிதத்தைக் கிழிக்கிற அளவுக்கு. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். 'கண்' என்று மட்டும் தெரிந்தது.

பெட்டியில் இருக்கிற உன் பழைய கடிதங்களையும் எடுத்துப் பார்த்தேன். தோள் எப்படி என்று இந்த எட்டு வருஷத்தில் எத்தனை முறை கேட்டிருப்பேன். எண்ணெய் வந்தது என்று எழுதியிருக்கிறாய். பழனிக்குப் போனேன் என்று எழுதியிருக்கிறாய். தோளைப் பற்றி ஒரு வரி இல்லை. வலிக்கிறது என்றும் இல்லை, வலிக்கவில்லை என்றும் இல்லை.

இனி நான் உன்னிடம் படம் கேட்கவில்லை. அடித்த வரியை எழுது.

அப்பத்தா


முதலமடை
22.12.2024

அப்பத்தா,

தோள் எனக்கு ஒருநாளும் வலித்ததில்லை.

அன்றைக்கு எதிரே மட்டையோடு நின்றவள் பெயர் ஹஸீனா. என் வயசுதான். எனக்குப் பந்து கட்டத்துக்குள் விழவே இல்லை, மூன்று பேரை அடிக்காமலே ஒண்ணாம் பேஸுக்கு நடக்கவிட்டேன். ஆனாலும் எங்கள் சார் வெளியிலிருந்து, ஓங்கிப் போடு, பயந்துடுவா என்று கத்திக்கொண்டே இருந்தார். ஓங்கிப் போட்டேன். கையை விடும்போதே தெரிந்துவிட்டது. எங்களுக்குக் கொடுத்த தலைக்கவசத்தில் முகத்துக்குக் கம்பி கிடையாது. இடது கண்ணுக்குக் கீழே பட்டது. பந்து மட்டையில் பட்டால் ஒரு சத்தம் வரும், இது அது இல்லை.

ஆள்மேல் பந்து பட்டதால் விதிப்படி அம்பயர் அவளுக்கு ஒண்ணாம் பேஸ் கொடுத்தார். அவள் எழுந்திருக்கவில்லை. அவளுக்குப் பதிலாக வேறொருத்தி ஓடிப்போய் நின்றாள். எங்கள் சார் வந்து என் முதுகில் தட்டி, "என்ன ஸ்பீடுடி" என்றார். அந்தக் கை பட்ட இடம் இன்றைக்கும் எனக்கு அருவருப்பாக இருக்கிறது. வீட்டில் தோள் வலி என்று சொன்னேன். நீ எண்ணெய் காய்ச்ச ஆரம்பித்தாய்.

அவள் கொல்லங்கோட்டில் தையல் கடை வைத்திருக்கிறாள். இங்கிருந்து பஸ்ஸில் கொஞ்ச நேரம்தான். வேலைக்குச் சேர்ந்த வாரமே போனேன். ஊசியில் நூல் கோக்க முகத்தையே திருப்பி வலது கண் பக்கம் கொண்டுபோகிறாள். என்னைத் தெரிந்தது என்று எனக்குத் தெரியும். "சுடிதாரா, பிளவுஸா?" என்று மட்டும் கேட்டாள். பிளவுஸ் தைத்து வாங்கிக்கொண்டு வந்தேன்.

பிப்ரவரியில் நஜ்லாவை இறக்கப் போகிறார்கள். பத்துக்கு மூன்றுதான் அவளுக்குக் கட்டத்தில் விழுகிறது.

நீ சுவரில் மாட்டியிருப்பது அந்தப் பந்துதான், அப்பத்தா. பேப்பர்காரர் எடுத்தது அதைத்தான்.

லட்சுமி


சித்திரபுரம்
5.1.2025

மேனேஜர் செங்கோட்டையன் அவர்களுக்கு சுருளியம்மாள் எழுதுவது. உங்கள் சுகத்தை விசாரிக்க இன்றைக்கு எனக்கு மனசில்லை, மன்னிக்கவும்.

இதோடு ஒரு படம் வைத்திருக்கிறேன். வலது பக்கம் பந்து போடுவது என் பேத்தி. இடது பக்கம் நிற்கிறவளை என் பேத்திக்குப் பெருமை குறையும் என்று நான்தான் வெட்டச் சொன்னேன். வெட்டின பாதியை ஸ்டூடியோக்காரன் எறிந்திருப்பான் என்று நினைத்திருந்தேன். புதன்கிழமை ஃபிரேமைக் கழற்றினால், படம் ஆடாமலிருக்க அதையே மடித்துப் பின்னால் முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறான். எட்டு வருஷமாக அந்தப் பிள்ளை என் பேத்தி முதுகுக்குப் பின்னால் மடங்கிக் கிடந்திருக்கிறாள். அதற்குக் கீழே உட்கார்ந்துதான் நான் காப்பி குடித்திருக்கிறேன். வந்தவர்களுக்கும் கொடுத்திருக்கிறேன்.

இரண்டையும் சோற்றுப் பசையில் ஒட்டியிருக்கிறேன். மடிப்புக் கோடு முகத்தில் விழுகிறது. அதைத் தாண்டிப் பாருங்கள். பந்து இன்னும் போய்ச் சேரவில்லை. இந்தப் படத்தில் அந்தப் பிள்ளைக்கு இரண்டு கண்ணும் இருக்கிறது. இப்போது ஒன்றுதான். நீங்கள் மிஷின் வைத்துக் கை தட்டுகிற வேகம் இதுதான்.

போன கடிதத்தைச் சத்தமாகப் படித்தீர்கள் அல்லவா? இதையும் படியுங்கள். கண்ட்ரோல் என்றால் ரேஷன் என்று நினைத்து உங்களுக்கு மனு எழுதினாளே, அந்த மடச்சி பேரையும் சேர்த்துப் படியுங்கள். சாவியை என் பேத்தியிடம் கொடுங்கள்.

சுருளியம்மாள்


முதலமடை
16.2.2025

அன்புள்ள அப்பத்தா,

முட்டி எப்படி? இங்கே வெயில் இப்போதே கொளுத்துகிறது. மாங்காய் லாரிகள் போய்க்கொண்டே இருக்கின்றன, புழுதிதான் சாப்பாடு.

நீ எழுதினதை எனக்கு நீ சொல்லவில்லை. மேனேஜர் சார் ஆபீசுக்குக் கூப்பிட்டபோது மேஜைமேல் நம் படம். ஹஸீனா பாதியோடு. "வயசான காலத்துல உங்க பாட்டி என்னங்க இப்படி எழுதறாங்க" என்றார். கடிதத்தை அவர் மீட்டிங்கில் படிக்கவில்லை. கொஞ்ச நேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இதற்கு அப்புறம் எத்தனை வருஷம் பந்து போட்டேன் என்று கேட்டார். அன்றைக்கு மத்தியானத்தோடு சரி என்றேன். சாவியை மேஜைமேல் தள்ளினார். ஆனால் மேட்ச்சில் நஜ்லாதான் என்றார். பத்துக்கு ஏழு போட்டால் இறக்கலாம் என்று நான் சொன்னேன்.

மறுபடியும் சாக்ஸ், சாக்கு, அஞ்சு எட்டு. நஜ்லா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. ரிஜின் சார் அவளை ஆமை என்று கூப்பிட்டார். மேட்ச்சுக்கு இரண்டு நாள் முன்னால் மேனேஜர் சாரே நாற்காலி போட்டு உட்கார்ந்து எண்ணினார். நிஜப் பந்து, முழு தூரம். ஆறு விழுந்தது.

"ஆறும் ஏழும் ஒண்ணுதானுங்க. எழுதிக்கங்க" என்றார்.

"சரிங்க சார். மத்த நாலு பந்தும் போச்சே, அந்தப் பக்கம் உங்க நாற்காலியை எடுத்துப் போட்டு உக்காருங்க. இன்னொரு பத்து போடச் சொல்றேன்."

சாக்கைப் பார்த்தார். நாற்காலியை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மேட்ச்சில் வேறொரு பிள்ளை மெதுவாகப் போட்டாள். ஒன்பதுக்கு நாலில் தோற்றோம். ரிஜின் சார் மிஷினை எடுத்துக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டார். என் ஆர்டரைப் பற்றி இன்னும் ஒரு பேச்சும் இல்லை. யாருக்கும் அடிபடவில்லை.

வியாழக்கிழமை நஜ்லா எட்டு போட்டாள், அப்பத்தா. கடைசி மூன்றும் கண்ணை மூடிக்கொண்டு. எத்தனை ஸ்பீடு டீச்சர் என்று கேட்டாள். மிஷின் இல்லை, எனக்குத் தெரியாது என்றேன். பரவாயில்லை என்றாள்.

லட்சுமி


சித்திரபுரம்
2.3.2025

தாயி லெச்சுமி,

முட்டிக்கு ஊசி போட்டாச்சு, நடக்கிறேன். உனக்குப் புழுதி ஒத்துக்கொள்ளாது, வாயை மூடிக்கொண்டு விசில் ஊத முடியாது என்பதும் தெரியும். வெந்நீர் குடி.

நம் வீட்டுச் செய்தி. காவ்யா இரண்டாம் வருஷமும் பாஸ். சதீஷ் ஜீப்புக்குப் புது சீட் போட்டான், மறுநாளே ஒருவன் அதில் வாந்தி எடுத்துவிட்டான். இப்போதெல்லாம் அதையும் வெளியில் சொல்லிவிடுகிறேன். உன்னைப் பற்றிக் கேட்டால், ஒன்பதுக்கு நாலில் தோற்றாள் என்று சொல்கிறேன். மூஞ்சியைச் சுளிக்கிறார்கள். போகட்டும். இத்தனை நாள் என் வாயைப் பார்த்து வாயைப் பிளந்த மூஞ்சிகள்தானே. எனக்கும் அவற்றைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

ஹஸீனாவுக்கு எழுதலாம் என்று உட்கார்ந்தேன். மன்னிப்பு என்ற வார்த்தை உன் மேனேஜர் எழுத்து மாதிரி என் கையில் பிசுபிசுத்தது. கிழித்து அடுப்பில் போட்டுவிட்டேன். அதற்குப் பதிலாக என் அளவு ரவிக்கை ஒன்றும் துணியும் பார்சலில் வருகிறது. கொண்டுபோய்க் கொடு. இந்தத் தடவை யார் ரவிக்கை என்று சொல்லிக் கொடு. அவள் வாங்கிக்கொண்டால் வாங்கிக்கொள்ளட்டும், மூஞ்சியில் எறிந்தால் எறியட்டும்.

ஆர்டர் கிடைக்கவில்லையென்றால் இங்கே வா. கிடைத்தால் வராதே, நஜ்லாவை விட்டுவிட்டு வரக் கூடாது.

டிவிக்கு மேலே படம் இருந்த இடம் மட்டும் வெள்ளையாக, சுற்றிலும் கரியும் பூஞ்சையுமாக அசிங்கமாக இருக்கிறது. சதீஷ் காலண்டர் மாட்டட்டுமா என்றான். ஆணியில் கை வைக்காதே என்று சொல்லிவிட்டேன்.

நஜ்லா பந்து போடும்போது ஒரு புதுப் படம் எடுத்துத் தபாலில் அனுப்பு. பந்து போய்ச் சேர்ந்த பிறகு எடு. எதிரே நிற்கிற பிள்ளை தலையிலிருந்து கால் வரைக்கும் முழுசாகத் தெரிய வேண்டும். அவள் பேரைப் பின்னால் எழுது.

அப்பத்தா